துருவுக்கு யாரும் விண்ணப்பிப்பதில்லை

அன்புள்ள மேடம்,

மின்வேதியியலில் பிஎச்.டி. முடித்து ஓராண்டு ஆகிறது. லித்தியம்-அயனி பேட்டரியின் கேத்தோடு பற்றிய ஆய்வு. வயது 33. கொரியா, ஜெர்மனி என்று பேட்டரி ஆய்வகங்களாகப் பார்த்து போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) கேட்டு அறுபது மின்னஞ்சலுக்கு மேல் அனுப்பிவிட்டேன். நாலே பேர் பதில் போட்டார்கள், இடமில்லை என்று. சி.எஸ்.ஐ.ஆர். விஞ்ஞானி வேலைக்கு வயது தாண்டிவிட்டது. பேட்டரியை விட்டு ஹைட்ரஜனுக்கு மாறலாமா? அடுத்த பத்து வருடத்துக்கு எது நிற்கும்? வீட்டில் 'இன்னும் எத்தனை நாள்தான் படிப்பாய்' என்கிறார்கள்.

ச.

அன்புள்ள ச.,

அறுபது மின்னஞ்சல் என்கிறீர்கள். அது ஒரே மின்னஞ்சல்தானே, பெயரை மட்டும் மாற்றி? அதில் எத்தனை பெண் பேராசிரியர்களுக்கு 'டியர் சார்' போயிற்று என்று எண்ணிப் பாருங்கள். எனக்கும் மாதம் நாலு அப்படி வந்துகொண்டிருந்தது.

வயதுக்கு வருகிறேன். அந்த 32 வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு. ஓ.பி.சி.க்கு மூன்று, எஸ்.சி., எஸ்.டி.க்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. விளம்பரத்தைக் கடைசிவரை படித்தீர்களா? வெளிநாட்டு ஃபெல்லோஷிப் பலவற்றில் பிறந்த தேதியையே பார்ப்பதில்லை, பட்டம் வாங்கிய தேதியிலிருந்துதான் கணக்கு. ஐரோப்பாவின் மேரி கியூரிக்கு பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவம் 8 ஆண்டு வரை இருக்கலாம், ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். ஃபெல்லோஷிப்புக்குப் பட்டம் வாங்கி 6 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு ஒன்றுதான் ஆகியிருக்கிறது. ஆறுமுகம் மந்திரம் சென்னை ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி. முடித்து, மதுரை காமராசர் பல்கலையில் நாலு வருடம் பாடம் நடத்திவிட்டு, முப்பதைத் தாண்டிய பிறகுதான் லித்தியம்-அயனி பேட்டரிக்கு வழிவகுத்த குட்எனஃபிடம் ஆக்ஸ்போர்டு போனார். 2019இல் 97 வயதில் குட்எனஃபுக்கு நோபல் கிடைத்தபோது அவர் சார்பில் உரை நிகழ்த்தியவர் இவர். வயதைப் பற்றி இனி எழுதாதீர்கள்.

பேட்டரியா ஹைட்ரஜனா என்பது ஜோசியரிடம் கேட்க வேண்டிய கேள்வி. என்னை உறுத்துவது வேறு. உங்கள் கடிதத்தில் துரு என்ற சொல்லே இல்லை. மின்வேதியியல் படித்த பிள்ளைகள் ஏன் அரிப்பியலை, அதாவது உலோகம் துருப்பிடித்து அரிபடுவதைப் படிக்கும் துறையை, வீட்டுக்கு வந்த ஏழைச் சொந்தக்காரரைப் போல நடத்துகிறீர்கள்? இரும்பின் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஓரத்தில் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும், அது கேத்தோடு. நடுவில் கிடைக்காது, அது ஆனோடு, அங்கே இரும்பு கரையும். இரண்டுக்கும் நடுவே வட்டமாகத் துரு படியும். கேம்பிரிட்ஜில் எவன்ஸ் காட்டிய பழைய சோதனை இது. அந்தச் சொட்டே ஒரு பேட்டரி இல்லையா? உங்களுக்குத் தெரிந்த அதே பொட்டென்ஷியோஸ்டாட் கருவி, அதே இம்பீடன்ஸ் வரைபடம்தான் இங்கேயும். சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்குக் காரைக்குடி போதாதென்று மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் எதற்கு இடம்? கடற்காற்று இரும்பைத் தின்பதைப் பார்க்கத்தான். கல்பாக்கத்திலும் அரிப்பியலுக்கு ஆள் உண்டு. எண்ணெய்க் குழாய், கப்பல், பாலம் என்று இதற்கு வேலை இருக்கிற இடம் உங்கள் பட்டியலில் ஒன்றுகூட இல்லை.

நானும் இப்படித்தான் முகம் சுளித்தேன். என் கைடு துருவைக் கொடுத்தபோது இரண்டு நாள் அழுதேன். ராமேஸ்வரம் போகும் வழியில் கடற்கரையோரம் சட்டம் அடித்து, சாய்வாக இரும்புத் தகடுகளை மாட்டியிருந்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ச் சிலவற்றைக் கழற்றி, கிளார்க் கரைசலில் துருவை எடுத்து, எடை போட வேண்டும். இரண்டாம் வருடம் போனால் சட்டமே இல்லை. யாரோ பிடுங்கிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். அழுதுகொண்டே கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி தகடுகளைத் திருப்பித் தந்தார், காசு வாங்கிக்கொண்டுதான். தரும்போது ஒரு தகட்டைக் கட்டைவிரலால் தடவி, "மேப்பக்கம் நல்லாத்தாம்மா இருக்கு, அடிப்பக்கத்தத்தான் தின்னுருக்கு" என்றார். நான் அதுவரை இரண்டு பக்கத்தையும் சேர்த்தே எடை போட்டுக்கொண்டிருந்தேன். மேலே படியும் உப்பை மழை கழுவிவிடும், அடியில் படிந்தது அங்கேயே கிடந்து ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். ஆய்வேட்டில் உருப்படியான அத்தியாயம் அது ஒன்றுதான். நன்றியுரையில் அண்ணாச்சியைச் சேர்க்கக் கைடு விடவில்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

எங்கே விட்டேன்? ஹைட்ரஜன். தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் அமில ஜவ்வு எலக்ட்ரோலைசரில் ஏன் விலை கூடின டைட்டானியம் போடுகிறார்கள்? சாதா எஃகு அங்கே தாங்காது. உங்கள் பேட்டரியில் லித்தியம் ஹெக்ஸாஃபுளோரோபாஸ்ஃபேட் உப்பு அலுமினியத் தகட்டின் மேல் ஃபுளோரைடுப் படலம் போட்டுக் காப்பாற்றுகிறது. அதற்குப் பதில் டிஎஃப்எஸ்ஐ என்கிற இன்னொரு லித்தியம் உப்பைப் போட்டு மின்னழுத்தத்தை ஏற்றினால் அலுமினியம் குழி குழியாகக் கரையும். இது அரிப்பியல் இல்லாமல் வேறென்ன? கேத்தோடு தெரிந்து துருவும் தெரிந்தவர் என்று எழுதினால் அந்த மின்னஞ்சலைப் பிரித்துப் பார்ப்பார்கள். பேட்டரி ஆய்வகத்துக்கும் அனுப்புங்கள், அரிப்பு ஆய்வகத்துக்கும் அனுப்புங்கள், ஆளுக்கு ஒரு கடிதமாக, அவர்களுடைய கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு.

அம்மாவிடம் நான் பேசுகிறேன், எண் அனுப்புங்கள். அதற்குமுன் ஒரு வேலை. ஐந்நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கிய காயின் செல்கள், அந்தக் காசு அளவுச் சோதனை பேட்டரிகள், உங்கள் இழுப்பறையில் கிடக்கும். ஒன்றைப் பிரித்து, கேத்தோடைச் சுரண்டிவிட்டு, அடியில் இருக்கும் அலுமினியத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். படத்தை எனக்கு அனுப்புங்கள்.