சேர்ந்த தேதிதான் சொத்து

கேள்வி: அமெரிக்க விமானப்படையில் எஃப்-22 போர் விமானம் ஓட்டுகிறவர்கூட வேலையை விட்டுவிட்டுப் பயணிகள் விமானம் ஓட்டப் போகிறாராமே, சம்பளம் போதவில்லையா?
– வாசகர், கரூர்

பதில்: சம்பளமும்தான். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் சீனியாரிட்டி. அங்கே பெரிய ஏர்லைன்ஸ்களில் நீங்கள் எத்தனை வருஷம் போர் விமானம் ஓட்டினீர்கள் என்பது வேலை வாங்கித் தருவதோடு சரி, உள்ளே போன பிறகு சேர்ந்த தேதிதான் எல்லாம். எந்த ஊரிலிருந்து பறப்பது, கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்குமா, கேப்டன் ஆவது எப்போது, ஆள்குறைப்பு வந்தால் முதலில் யார் வீட்டுக்குப் போவது என்று அத்தனையும் அதை வைத்துத்தான். 65 வயதில் கட்டாய ஓய்வு வேறு. விமானப்படையில் பயிற்சி முடிந்து 10 வருஷம் இருந்தே ஆக வேண்டும். அது முடியும்போது வயது முப்பத்தைந்தை நெருங்கியிருக்கும். பென்ஷனுக்காக 20 வருஷ சர்வீஸை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால், அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

அதனால் ஏர்லைன்ஸ் ஆள் எடுக்கும்போது விமானப்படை காலியாகிறது, எடுக்காதபோது நிரம்புகிறது. 2001 தாக்குதலுக்குப் பிறகு ஏர்லைன்ஸ்களே ஆட்களை வெளியே அனுப்பின. 2007 கடைசியில் ஓய்வு வயதை 60லிருந்து 65க்கு ஏற்றினார்கள், அடுத்த வருஷமே பொருளாதாரம் படுத்துவிட்டது, அப்புறம் யார் புதிதாக ஆள் எடுப்பார்கள்? 2020 கொரோனாவில் இன்னும் வேடிக்கை: ராஜினாமா கடிதம் கொடுத்திருந்த சில பைலட்டுகள் அதைத் திருப்பிக் கேட்டார்கள். ஓரிரு வருஷத்தில் ஏர்லைன்ஸ் மறுபடி அள்ளிச் சேர்க்க ஆரம்பித்ததும் பழைய கதைதான்.

கேள்வி: போனஸைக் கூட்டிக் கொடுத்தால் நிற்க மாட்டார்களா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கூடுதலாக இருந்து பறக்கச் சம்மதித்தால் வருஷத்துக்கு 35,000 டாலர் வரை என்றிருந்ததை 2023இல் 50,000 வரை ஏற்றினார்கள். அதே வருஷம் டெல்டா ஏர்லைன்ஸ் தன் பைலட்டுகளுக்கு நான்கு வருஷத்தில் 34 சதவீதச் சம்பள உயர்வு கொடுத்தது! ஆனாலும் போனஸ் கொடுப்பது விமானப்படைக்கு நஷ்டக் கணக்கு இல்லை. ஒருவரை எஃப்-22 ஓட்டத் தயார்படுத்த ஏறக்குறைய 1.09 கோடி டாலர் ஆகும் என்று ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2019இல் கணக்குப் போட்டது, அதோடு பார்த்தால் போனஸ் சில்லறைக் காசு. ஆனால் சில வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றம், மாசக்கணக்கில் வெளிநாட்டில் பணி, பதவி ஏற ஏற விமானத்தைவிட மேஜையோடுதான் அதிக நேரம் என்பதற்கெல்லாம் போனஸ் பரிகாரம் ஆகாது.

கேள்வி: அப்படியானால் நாட்டுப்பற்று?
– வாசகர், ஈரோடு

பதில்: அதற்கென்ன குறை? விலகிய பலர் ஏர்லைன்ஸில் சம்பாதித்துக்கொண்டே ரிசர்வ் படையிலோ, மாநிலங்களின் துணைப் படையான நேஷனல் கார்டிலோ பகுதி நேரமாகப் பறக்கிறார்கள்.