கேளுங்கள், சொல்கிறேன்: ஊர் சுற்றிக்கொண்டே சம்பாதிக்க முடியுமா?

கே: வயது 27. வீடியோ எடிட்டிங் செய்கிறேன், கம்பெனி கிடையாது, வருகிற ஆர்டர்தான். நல்ல மாதம் என்றால் 45 ஆயிரம், சில மாதம் அதில் பாதிகூட வராது. பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில் அடுப்பெல்லாம் வைத்து, அதிலேயே வாழ்ந்துகொண்டு வேலை பார்க்க ஆசை. அப்பா ‘பரதேசிப் பிழைப்பு’ என்று திட்டுகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் சார்?
– வாசகர், திருநகர்

ப: முதலில் வேனை வாங்காதீர்கள் தம்பி. மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு புத்தி சொல்கிற ஆள் இல்லை. பம்ப்செட் கம்பெனி ஒன்றுக்காகப் பதினோரு வருடம் தேனி, கம்பம், ராஜபாளையம், பரமக்குடி என்று பையும் கையுமாகத் திரிந்தவன். அதனால் ஆசை எனக்குப் புரிகிறது, வேன்தான் புரியவில்லை. சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு ஒத்தக்கடையில் ரோட்டோரம் நிற்கிற ஒரு தகர வேனுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கு முன்னால் லேப்டாப் மயங்கி விழும். மலைக்குப் போய்விடலாம் என்பீர்கள். கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். மேகமலைப் பக்கம் 2021இல் புலிகள் காப்பகம் ஆகிவிட்டது, நினைத்த இடத்தில் வண்டியைப் போட்டுத் தூங்க முடியாது. எல்லாம் சரியாக அமைந்து ஒரு நல்ல இடத்தில் நிறுத்தினாலும் அங்கே டவர் இருக்காது, நீங்கள் அனுப்ப வேண்டிய ஃபைல் நாலு ஜிபி.

அப்புறம் சட்டம். வண்டியின் பதிவுச் சான்றில் இருப்பதை மாற்றுகிற மாதிரி கட்டில், அடுப்பு என்று அடித்தால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்க வேண்டும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. வாங்காமல் ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்தக் கட்டிலைத்தான். வேறு மாநிலத்திலேயே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். எல்லா மாநிலத்திலும் செல்லுகிற பி.எச். (பாரத் வரிசை) நம்பர் வாங்கினால் அந்தத் தொல்லை இல்லையே என்று யாராவது சொல்வார்கள். அது அரசு ஊழியருக்கும், நாலு மாநிலத்திலாவது ஆபீஸ் உள்ள கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கும். உங்களுக்குக் கிடைக்காது.

எனவே இப்படிச் செய்யுங்கள். மூன்று ஊர் தேர்ந்தெடுங்கள், மூன்றிலும் தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். ஊருக்கு ஒரு மாதம், வாடகைக்கு ஒரு அறை, பஸ்ஸிலோ பைக்கிலோ போங்கள். போவதற்கு முன் நாலு மாதச் செலவுக்கான பணம் தனிக் கணக்கில் கிடக்கட்டும், ஏனென்றால் பாதிகூட வராத மாதம் நீங்கள் வெளியூரில் இருக்கும்போதுதான் வரும். தெரிந்தவர் எதற்கு என்கிறீர்களா? கம்பத்தில் ஒரு லாட்ஜில் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். வீட்டுக்குப் போன் பண்ணத் தெம்பில்லை. மூன்றாம் நாள் அறையைக் கூட்ட வந்த பையன் பார்த்துவிட்டு, அவன் அம்மா வைத்த ரசத்தைத் தூக்குவாளியில் கொண்டு வந்தான். அவன் வந்திராவிட்டால் என்னாகியிருக்கும் என்று இன்றைக்கும் சில நேரம் நினைப்பேன். அதற்குப் பிறகு ஊர் ஊராக ஆள் பிடித்து வைத்துக்கொண்டேன்: டீக்கடைக்காரர், மருந்துக் கடைக்காரர், ஒரு ரிட்டையர்டு வாத்தியார்.

திருநகர் முகவரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆதார், வங்கி, ஓட்டு எல்லாம் அங்கேயே இருக்கட்டும். வருடா வருடம் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள், வரி வராவிட்டாலும். நாளைக்கு ஒரு கடன் கேட்டுப் போனால் சம்பளச் சீட்டு இல்லாதவரிடம் வங்கிக்காரர் கேட்பது இரண்டு மூன்று வருடத்துக் கணக்கைத்தான். சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி., அதை இப்போது யோசிக்க வேண்டாம். அப்பாவிடம் மூன்று மாதம் என்று மட்டும் சொல்லுங்கள்.

கே: மகளுக்கு 25 வயது. கம்ப்யூட்டர் வேலை, மாதத்தில் இருபது நாள் கோவா, கோகர்ணம் என்று எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு பார்க்கிறாள். சொந்தபந்தம் கேட்கிறபோது பதில் சொல்ல முடியவில்லை.
– ஒரு தாய், உசிலம்பட்டி

ப: உசிலம்பட்டியிலிருந்து இந்தக் கேள்வியா அம்மா! உங்கள் பக்கத்து ஆட்கள் முறுக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஆந்திரா, மகாராஷ்டிரா என்று போய், பொங்கலுக்கும் கோயில் கும்பிடுக்கும் மட்டும் ஊர் திரும்புகிறார்களே, அவர்களை எந்தச் சொந்தம் கேள்வி கேட்டது? ‘வெளியூரில் வேலை’ என்று அதே பதிலைச் சொல்லுங்கள், பொய்யில்லையே. மகளிடம் இரண்டு மட்டும் கேட்டு வாங்குங்கள். எங்கே இருக்கிறாள் என்பது வீட்டில் ஒருவருக்காவது தினமும் தெரிய வேண்டும். இன்னொன்று, அவள் பெயரில் தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு, ஏனென்றால் கம்பெனி கொடுப்பது வேலையை விட்ட அன்றே போய்விடும்.

கே: மேலூர்ப் பக்கம் வயலில் ஆட்டுக்கிடை போட்டிருப்பவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. வீடில்லை, வாடகையில்லை, முதலாளியில்லை. அவர்கள்தானே நிஜமான சுதந்திரப் பறவைகள்?
– வங்கி ஊழியர், கே.கே.நகர்

ப: கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு ராத்திரி நான் அந்தக் கிடையில் படுத்திருக்கிறேன் சார். மேலூர்ப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீரில் ஒரு போகம்தான், அறுப்பு முடிந்தால் வயல் சும்மா கிடக்கும். சிவகங்கை, ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பகலெல்லாம் மேய்ச்சல், ராத்திரி ஒருவர் வயலில் அடைப்பு. வயல்காரருக்குப் புழுக்கையும் மூத்திரமும் எருவாகும், கீதாரிக்குக் காசோ நெல்லோ கிடைக்கும்.

அன்றைக்கு ஒன்றரை மணிக்கு நாய் ஒரு தடவைதான் குரைத்தது. பெரியவர் எழுந்து டார்ச் அடித்தார், ‘நரி’ என்றார், குட்டிகளுக்கு மேல் கவிழ்த்து வைத்திருந்த மூங்கில் கூட்டுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினார், அப்புறம் விடிகிறவரை படுக்கவே இல்லை. காலையில் போனைச் சார்ஜ் போடப் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமில் கொடுத்துவிட்டு வந்தார். “யார் வயல்ல எந்த மாசம் படுக்கணும்னு எங்கப்பா காலத்துலயே பேசி வச்சது. முகந்தெரியாத ஊருக்கு ஆட்டைப் பத்திட்டுப் போனா அடிதான் விழும்” என்றார். முதலாளியில்லை என்றீர்களே, அவர் மேய்த்ததில் பாதி ஆடு ஊரில் இருக்கிற இன்னொருவருடையது.

கே: வெளியூரில் மாதக்கணக்கில் தங்கும்போது சமைக்க கேஸ் கிடைக்குமா?
– வாசகர், சோழவந்தான்

ப: 5 கிலோ சிலிண்டர் கேளுங்கள், அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று வேண்டாம். ஆனால் வாடகை அறையில் மட்டும் வையுங்கள், லாட்ஜில் விடமாட்டார்கள். அங்கே இண்டக்‌ஷன் அடுப்பையும் சொருகிவிடாதீர்கள். பரமக்குடியில் நான் சொருகி ஒரு மாடி முழுக்க ஃபியூஸ் போனது, வெந்நீர்கூட அதற்குள் கொதிக்கவில்லை.