முடிவிலி ரீடிங்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்ஸி. வேதியியல் முதலாண்டு படிக்கிறேன். போன வாரம் லேபில் மெத்தில் அசிட்டேட் நீராற்பகுப்பு, அதாவது அந்த எஸ்டரை அமிலத்தின் துணையோடு நீர் உடைக்கும் வினை. வினை முழுக்க முடிந்தபின் எடுக்கும் கடைசி அளவான முடிவிலி ரீடிங்குக்கு மறுநாள் வரச் சொன்னார்கள். யாரும் போகவில்லை. சீனியர் ரெக்கார்டில் இருந்த எண்ணைப் போட்டுக்கொண்டோம். கிராஃப் நேர்கோடாகவே வந்தது, மார்க்கும் விழுந்தது. பிறகு எதற்கு அந்தக் காத்திருப்பு?

ச.

அன்புள்ள ச.,

கோடு நேராக வந்ததுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது.

100 மி.லி. அரை நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 மி.லி. எஸ்டர் விட்டிருப்பீர்கள். 30 டிகிரியில் இதன் அரைவாழ்காலம், அதாவது பாதி எஸ்டர் தீர ஆகும் நேரம், இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஒரு மணி நேரம் ரீடிங் எடுத்தீர்கள் என்றால், பார்த்தது ஏறத்தாழ கால்பங்கு வினையைத்தான். அந்த முதல் துண்டுக்கு கொஞ்சம் தவறான முடிவிலி எண்ணைப் போட்டாலும் மடக்கை கிராஃப் ஒழுங்காகவே விழும். மாறுவது சாய்வும், அதிலிருந்து கிடைக்கும் வேகமாறிலியும் (வினையின் வேகத்தைச் சொல்லும் எண்). வினையில் உருவாகும் அமிலத்தை அளக்க 2 மி.லி. கலவையை 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் தரம்பார்த்தால், முதல் ரீடிங்குக்கும் கடைசிக்கும் இடைவெளி சுமார் 12 மி.லி. சீனியரின் எண் அதில் 2 மி.லி. கூடுதலாக இருந்தால் உங்கள் வேகமாறிலி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். சீனியர் கலக்கியது வேறு அமிலம் அல்லவா?

நானும் யோக்கியனில்லை. மறுநாள் வரச் சோம்பல்பட்டு, மீதிக் கலவையை வெந்நீர்த் தொட்டியில் 60 டிகிரிக்குச் சூடாக்கி அன்றே முடித்தவன். மெத்தில் அசிட்டேட்டின் கொதிநிலை 57 டிகிரி. ஃபிளாஸ்கின் மூடி தளர்வு. எஸ்டர் பாதி ஆவியாகப் போயிற்று, முடிவிலி ரீடிங் இறங்கிற்று, வேகமாறிலி எகிறிற்று. லேப் முழுக்க நெயில் பாலிஷ் வாசனை அடித்தும் எனக்குப் புரியவில்லை.

1850இல் வில்ஹெல்மி என்ற ஜெர்மன் விஞ்ஞானி சர்க்கரைக் கரைசலை அமிலத்தோடு போலாரிமீட்டரில் (ஒளியின் தளம் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தார். கலவையை உறிஞ்சியெடுக்கப் பிப்பெட் வேண்டாம், வினையை நிறுத்த ஐஸ் தண்ணீர் வேண்டாம். ஒளி வலப்பக்கம் திரும்பியிருந்தது மெல்ல இடப்பக்கம் போகும். அங்கும் கடைசிக் கோண அளவு இல்லாமல் கணக்கு நகராது.

குக்கன்ஹைம் என்ற வேதியியலாளர் 1926இல் முடிவிலி இல்லாமலே கணக்கிட ஒரு வழி சொன்னார்: சம இடைவெளி விட்டு இரண்டு தொகுதி ரீடிங், அவற்றின் வித்தியாசம். ஆனால் அந்த இடைவெளி இரண்டு மூன்று அரைவாழ்காலமாவது இருந்தால்தான் பலன். மூன்று மணி நேர லேபுக்கு அதுவும் உதவாது.

ஆகவே போய் எடுத்துவிடுங்கள். ஃபிளாஸ்கை இறுக மூடி, மேலே சீட்டு ஒட்டி, அட்டெண்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இல்லையென்றால் காலையில் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்.