உபா வழக்கில் தம்பி சிறையில்: 91-ஆம் நாள் காலையில் செய்ய வேண்டியது

கேள்வி: கோவையிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 24 வயது. செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தான். வேறு மதத்து அமைப்பின் நிர்வாகி ஒருவரைத் தாக்க நடந்த சதியில் அவனுக்கும் பங்கு உண்டு என்று சொல்லி மார்ச் 2-ஆம் தேதி இரவு அழைத்துப் போனார்கள். மறுநாள் ரிமாண்ட் செய்தார்கள். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான உபாவின் 18 (சதி), 38 (பயங்கரவாத அமைப்பில் உறுப்பினராக இருப்பது) ஆகிய பிரிவுகளைப் போட்டிருக்கிறார்கள். நண்பன் ஒருவன் டெலிகிராம் குழுவில் சேர்த்துவிட்டதைத் தவிர அவன் எந்தத் தவறும் செய்யவில்லை. தொலைக்காட்சியில் அவன் படத்தைப் போட்டுப் பயங்கரவாதி என்றார்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். சொந்தக்காரர்கள் போனை எடுப்பதில்லை. இப்போதைய வழக்கறிஞர், தம்பி நிரபராதி என்று உடனே ஜாமீன் மனு போடலாம் என்கிறார். தொலைக்காட்சி மீதும் வீட்டுக்காரர் மீதும் வழக்குப் போட முடியுமா? தம்பியின் பழைய பதிவுகளை அழித்துவிடலாமா என்று அம்மா கேட்கிறார். அவன் உள்ளே போய் எழுபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. குற்றப்பத்திரிகை இன்னும் தாக்கலாகவில்லை.

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் இன்றைய நிலையில் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது கடைசி வரி மட்டுமே. தம்பி நிரபராதி என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். நானும் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால், உபா வழக்கில் நிரபராதி என்பது தீர்ப்பு நாளன்று முடிவாகும் விஷயம். உங்கள் ஊர்க் குண்டுவெடிப்பு வழக்கில் 1998-இல் கைதான அப்துல் நாசர் மதானி 2007-இல்தான் விடுதலையானார். 2008 மாலேகான் குண்டுவெடிப்பு வழக்கில் கைதான ராணுவ அதிகாரி புரோகித், ஏறக்குறைய ஒன்பது ஆண்டு சிறையில் இருந்த பிறகு 2017-இல் ஜாமீன் பெற்று, 2025 ஜூலையில் விடுதலையானார். இருவரும் சார்ந்த மதம் வேறு, வழக்கு வேறு. தண்டனை இல்லாமலே சிறையில் கழிந்த காலம் மட்டும் ஏறக்குறைய ஒன்று. அதனால், தம்பி என்ன செய்தான், என்ன செய்யவில்லை என்ற விவாதத்தை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு நாள்காட்டியை எடுங்கள்.

உபா சட்டத்தின் 43டி(2) பிரிவு, 90 நாளுக்குள் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், நீதிமன்றம் நீட்டிப்பு அளித்திருந்தாலொழிய, கைதியை ஜாமீனில் விட்டாக வேண்டும் என்கிறது. நாங்கள் டீஃபால்ட் பெயில் என்று சொல்வது இதைத்தான். இதில் சதி நடந்ததா, ஆதாரம் வலுவானதா, செய்தி எவ்வளவு பரபரப்பானது என்ற எந்தக் கேள்விக்கும் இடமில்லை. கணக்கு, கைதான இரவிலிருந்து அல்லாமல் ரிமாண்ட் செய்யப்பட்ட நாளிலிருந்து தொடங்குகிறது. அந்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் கபில் வாதவான் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவு செய்துவிட்டது. மார்ச் 3 முதல் எண்ணினால் மே 31-ஆம் தேதி 90-ஆவது நாள். ஜூன் 1 காலையில் உங்கள் தம்பிக்கு அந்த உரிமை பிறக்கிறது.

பிறக்கிறது என்றுதான் சொன்னேன். தானாக வீடு வந்து சேராது. மனுவில் கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்கு முன்னால் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் உரிமை அந்த நிமிடமே போய்விடும். குடும்பங்கள் வழுக்கி விழுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்த இடம் இதுதான். 91-ஆம் நாள் வக்கீல் வேறு ஊரில் வேறு வழக்கில் இருப்பார். மனு 92-ஆம் நாள் மாலை போகும். குற்றப்பத்திரிகை அன்று மதியமே தாக்கலாகியிருக்கும். அதே நாளில் மனு முந்திக்கொண்டால் நிலைமை அடியோடு மாறும். சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற எம். ரவீந்திரன் வழக்கு போதைப்பொருள் தொடர்பானது. அதில் கெடு முடிந்த மறுநாளே மனு கொடுக்கப்பட்டது. புலனாய்வுத் தரப்பு அன்றே அதற்குப் பின்னால், குற்றப்பத்திரிகைக்கு இணையான குற்றப்புகாரைத் தாக்கல் செய்தது. அப்படிச் செய்து உரிமையைப் பறிக்க முடியாது என்று 2020 அக்டோபரில் தீர்ப்பானது. ஊரடங்கைக் காரணம் காட்டிக்கூட இந்தக் கெடுவை நீட்ட முடியாது என்று அதே ஆண்டு ஜூனில் மதுரை சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே மனுவில் தேதி மட்டும் போதாது. தாக்கல் செய்த நேரமும் பதிவாகியிருக்க வேண்டும். சிறைக் கண்காணிப்பாளர் சான்றளித்த வக்காலத்து மே மாத மத்தியிலேயே உங்கள் வழக்கறிஞர் கையில் இருக்கட்டும். விடுமுறைக் காலமென்றால் பொறுப்பு நீதிபதி யார், மனுவை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்கட்டும். அவசரப்பட்டு 89-ஆம் நாளில் கொடுத்தால், உரிமை இன்னும் பிறக்கவில்லை என்று தள்ளுபடி ஆகிவிடும்.

அடுத்த ஆபத்து, நீட்டிப்பு. அரசு வழக்கறிஞர் அறிக்கை தாக்கல் செய்தால் நீதிமன்றம் 90 நாளை 180 நாள் வரை நீட்டலாம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு வந்த திருத்தம் இது. மத வெறியில் திட்டமிட்டு ஆளைக் கொல்பவர்களின் வலைப்பின்னலை அவிழ்ப்பதற்குக் காலம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை; செத்தவர் வீட்டுக்கும் நியாயம் வேண்டும். ஆனால், அந்தக் காலத்தைச் சட்டம் கேட்டவுடன் கொடுத்துவிடவில்லை. அறிக்கை அரசு வழக்கறிஞருடையதாக இருக்க வேண்டும். விசாரணை அதிகாரியின் கடிதத்துக்கு மேல் அட்டை போட்டுக் கொடுத்தால் போதாது என்பது 1994-இல் ஹிதேந்திர விஷ்ணு தாக்கூர் வழக்கிலேயே முடிவானது. விசாரணை எதுவரை வந்திருக்கிறது, இந்த ஆளை இன்னும் ஏன் உள்ளே வைத்திருக்க வேண்டும் என்ற இரண்டுக்கும் அதில் குறிப்பான காரணம் வேண்டும். கைதியை நேரிலோ காணொளியிலோ முன்னிறுத்தி, நீட்டிப்புக் கேட்கப்பட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியப்படுத்த வேண்டும்; அதைச் செய்யாமல் கொடுத்த நீட்டிப்பு செல்லாது என்று 2022-இல் ஜிகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எழுத்துமூல நோட்டீஸ் கட்டாயமில்லை என்பதால், 80-ஆம் நாளிலிருந்து உங்கள் வழக்கறிஞர் தினமும் நீதிமன்ற அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்காமல் போன நீட்டிப்பைப் பிறகு உடைப்பது கடினம்.

பிக்ரம்ஜித் சிங் வழக்கை உங்கள் வழக்கறிஞர் முழுமையாகப் படிக்கட்டும். 2018 நவம்பரில் அமிர்தசரஸ் அருகே நிரங்காரி பிரிவினரின் பிரார்த்தனைக் கூட்டத்தின் மீது கையெறிகுண்டு வீசப்பட்டு 3 பேர் இறந்தார்கள். இதைவிடக் கொடிய குற்றச்சாட்டு உங்கள் தம்பி மீது இல்லை. அங்கே நீட்டிப்புக் கொடுத்தவர் கீழ்நிலை மாஜிஸ்ட்ரேட். அந்த அதிகாரம் சிறப்பு நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. அந்த நீட்டிப்பு ரத்தான மறுநாளே போலீஸார் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்தார்கள். அதற்கு முன்பே கைதி தரப்பில் மனு கொடுக்கப்பட்டிருந்ததால், உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்ததோடு, இந்த உரிமை, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது உறுப்பைச் சேர்ந்தது என்றும் சொன்னது. உங்கள் தம்பியை ரிமாண்ட் செய்தது எந்த நீதிமன்றம், நீட்டிப்பு கேட்கப்போவது எந்த நீதிமன்றத்தில் என்பதையும் இதனால்தான் விசாரித்து வைக்க வேண்டும். முறையான நீட்டிப்பு முழு அளவில் கிடைத்துவிட்டால் 180-ஆவது நாள் ஆகஸ்ட் 29. ஆகஸ்ட் 30 காலைக்காக இதே ஆயத்தத்தை மறுபடி செய்ய வேண்டும். நீட்டிப்பு 30 நாள், 45 நாள் என்று துண்டு துண்டாகவும் வரலாம் என்பதால் ஒவ்வொரு ஆணையின் நகலையும் வாங்கி வையுங்கள். அரசின் வழக்குத் தொடர அனுமதி இல்லாமல் குற்றப்பத்திரிகை வந்தால் அது முழுமையற்றது என்று வாதாடும் வழி முன்பு இருந்தது. 2023 ஜட்ஜ்பீர் சிங் தீர்ப்புக்குப் பிறகு அது அடைபட்டுவிட்டது. அதை நம்பிக் காலம் கடத்த வேண்டாம்.

ஜாமீன்தாரர் விஷயத்தை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஆணை கிடைத்த பிறகு, நீதிமன்றம் கொடுத்த காலத்துக்குள் ஜாமீன்தாரரை நிறுத்தத் தவறி, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் கையில் கிடைத்த உரிமையும் போய்விடும். ஒரு குடும்பத்தில் இது என் கண்ணெதிரே நடந்தது. வருவதாகச் சொல்லியிருந்த தாய்மாமன், குண்டுவெடிப்பு கேஸில் கையெழுத்துப் போட்டால் தன்னையும் இழுப்பார்கள் என்று பயந்து காலையில் போனை அணைத்துவிட்டார். இரண்டாவது ஆளின் வீட்டு வரி ரசீது இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே இருந்தது. வட்டாட்சியர் அலுவலகத்தில் சொத்து மதிப்புச் சான்று வாங்க அலைந்து கொண்டிருக்கும்போதே குற்றப்பத்திரிகை வந்து சேர்ந்தது. போனை எடுக்காத சொந்தக்காரர்கள் மீது உங்களுக்கு இருக்கும் வருத்தத்தை இப்போதைக்கு மூட்டை கட்டி வைத்துவிட்டு, அவர்களில் இருவரை நேரில் போய்ப் பாருங்கள். ஜாமீன்தாரர் ஆவதால் யாரும் குற்றவாளி ஆவதில்லை என்பதை உங்கள் வழக்கறிஞரே அவர்களிடம் சொல்லட்டும். ஆதார், குடும்ப அட்டை, நடப்பு ஆண்டு வரி ரசீது, சொத்து மதிப்புச் சான்று ஆகியவை மே மாதத்துக்குள் தயாராகட்டும். இருவர் போதாது, மூன்றாமவர் ஒருவரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய வழக்கறிஞர் சொல்லும் உடனடி ஜாமீன் மனு வேண்டாம். 18, 38 இரண்டும் 43டி(5) பிரிவின் தடைக்குள் வருபவை. குற்றச்சாட்டு முதல் தோற்றத்தில் உண்மையென்று நம்ப இடமிருந்தால் ஜாமீன் கிடையாது. அந்தப் பரிசீலனையில் அரசுத் தரப்பு ஆவணங்களை உரசிப் பார்க்கக்கூடாது என்று 2019-இல் வட்டாலி வழக்கு நீதிமன்றங்களின் கையைக் கட்டியிருக்கிறது. குற்றப்பத்திரிகை வராத நிலையில் நீதிபதி பார்ப்பது நீங்கள் பார்க்க முடியாத கேஸ் டைரி, அதாவது போலீஸாரின் விசாரணைக் குறிப்பேடு. மனு தள்ளுபடியானால், குற்றச்சாட்டு முதல் தோற்றத்தில் உண்மை என்ற ஒரு வரி ஆணையில் ஏறிவிடும். பிறகு உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அமர்வு வரை அது உங்களைத் துரத்தும். தம்பி அன்று கடையில்தான் இருந்தான் என்பதைப் போன்ற உங்கள் சிறந்த எதிர்வாதத்தை இப்போதே எழுதிக் கொடுத்தால், விசாரணை அதிகாரிக்கு அந்த ஓட்டையை அடைக்க அவகாசமும் கிடைக்கும். தொடுபுழா பேராசிரியர் ஜோசப்பின் கையை 2010-இல் வெட்டிய வழக்கில் நஜீப் என்பவர் 2015 முதல் 2019 வரை ஆறு முறை ஜாமீன் கேட்டு நீதிமன்றம் ஏறினார். தன் பங்கு சிறியது என்ற வாதம் எடுபடவில்லை. ஐந்தாண்டுக்கு மேல் சிறை, இன்னும் 276 சாட்சிகள் பாக்கி என்ற நிலையில், தாமதத்தைக் காரணமாக வைத்துத்தான் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருடைய ஜாமீனை உறுதி செய்தது. அந்த வழியும் இருக்கிறது. ஆனால் அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். எந்த ஜாமீன் மனு தள்ளுபடியானாலும் தேசியப் புலனாய்வு முகமைச் (என்.ஐ.ஏ.) சட்டத்தின் 21-ஆவது பிரிவில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் காலம் என்பதை மறக்காதீர்கள்.

அம்மாவின் கேள்விக்கு ஒரே பதில்: எதையும் தொடாதீர்கள். தம்பியின் கணக்கிலிருந்து ஒரு பதிவை அழித்தாலும் சாட்சியத்தை அழித்த குற்றத்துக்காக, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-ஆவது பிரிவில் அம்மாவே குற்றம் சாட்டப்பட்டவர் ஆகலாம். அழித்ததை நிறுவனத்திடமிருந்து மீட்டெடுக்க வழி உண்டு. அழித்தவர் யார் என்பது மட்டும் புதிய ஆதாரமாக மிஞ்சும். தம்பியின் கூட்டாளிகள் யாராவது இரண்டு நாள் தங்க இடம் கேட்டு வந்தால் கதவைத் திறக்காதீர்கள். பயங்கரவாதி என்று தெரிந்தே அடைக்கலம் கொடுப்பதற்கு உபாவின் 19-ஆவது பிரிவில் ஆயுள் வரை தண்டனை உண்டு. அதில் விலக்கு கணவன் மனைவிக்கு மட்டும்தான், அம்மாவுக்கும் அக்காவுக்கும் இல்லை. விசாரணைக்குச் சாட்சியாக அழைத்தால், பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்பதைப் பணிவாகச் சொல்லுங்கள். போலீஸார் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஆனால், பதில் சொல்லாமல் முறைத்துக்கொண்டும் நிற்காதீர்கள். உரிய எழுத்துமூல உத்தரவின் பேரில் கேட்கப்படும் தகவலைத் தர மறுப்பதும் 43எஃப் பிரிவில் குற்றம்.

தொலைக்காட்சி மீது வழக்கு இப்போது வேண்டாம். அவதூறுக்குக் குற்றப் புகார் கொடுக்க 3 ஆண்டு காலம் இருக்கிறது. இழப்பீடு கேட்கும் சிவில் வழக்குக்கு ஓராண்டு. இன்றைக்குப் புகார் கொடுத்தால் நீங்கள் சத்தியப் பிரமாணத்தின் பேரில் தம்பியைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அரசு வழக்கறிஞர் மேசைக்குப் போகும்.

வீட்டுக்காரருடன் சமாதானமாகப் போய்விடுங்கள். நீங்கள் சொல்லும் நியாயம் எனக்குப் புரிகிறது. வழக்குப் போட்டால் சில மாதம் காலி செய்யாமல் இருக்கவும் முடியும். ஆனால் அவர் வீட்டில்தான் சோதனை நடந்தது. பறிமுதல் செய்த பொருள்களின் பட்டியலான மகஜரில் சாட்சியாகக் கையெழுத்திட்டவர்களில் அவரோ அவர் மகனோ இருக்கலாம். நாளைக்கு அரசுத் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறக்கூடிய மனிதரைப் பகைத்துக்கொள்ள உங்களுக்கு வசதி இல்லை. அட்வான்ஸ் தொகையை முழுதாகத் திருப்பிக் கொடுத்தால் இரண்டு மாதத்தில் காலி செய்கிறோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு வேறு வீடு பாருங்கள். சோதனையைப் பற்றியோ தம்பியைப் பற்றியோ அவரிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். பேசினால் சாட்சியை மிரட்டினார்கள் என்ற புகார் தம்பியின் ஜாமீன் மனுவோடு சேர்ந்து வரும்.

ரிமாண்ட் ஆணைகளின் நகல் அனைத்தையும், முதல் தகவல் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் வழக்கறிஞரைப் பாருங்கள். ஜூன் 1 காலையில் அவர் வர முடியாது என்றால் மனுவைத் தாக்கல் செய்யப்போகும் இளைய வழக்கறிஞரின் பெயரையும் சேர்த்து வக்காலத்தில் எழுதச் சொல்லுங்கள்.