பெலிண்டாபாவின் கணக்கேடுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை ஆதரித்து நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். என்னால் அதை ஏற்க முடியவில்லை. அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய 5 நாடுகள் தம்மிடம் உள்ள குண்டுகளை வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்து நீங்கள் செய்யாதீர்கள் என்கின்றன. ஊருக்குத்தான் உபதேசம். இந்தியா இதில் கையெழுத்திடாதது சரியென்றே நினைக்கிறேன். தன்னிடம் இருந்ததைக் கொடுத்துவிட்ட உக்ரைன் இன்று படும் பாட்டை உலகமே பார்க்கிறது; லிபியாவின் கதியும் அதுதான். ஒரு நாடு ஒளித்துவைத்துச் செய்ய முடிவெடுத்துவிட்டால், வியன்னாவிலிருந்து வரும் பத்துப் பேர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? இந்த ஒப்பந்தத்தால் ஒரே ஒரு குண்டாவது குறைந்திருக்கிறதா?

அன்புடன்,
கா., மதுரை

அன்புள்ள கா.,

உங்கள் கோபத்தில் பெரும்பகுதி எனக்கும் உண்டு. 1970 மார்ச் 5 அன்று நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு, ஆயுதக் குறைப்புப் பேச்சுவார்த்தையை நல்லெண்ணத்தோடு நடத்தும் கடமையை விதிக்கிறது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்த 5 நாடுகள் அக்கடமையை நிறைவேற்றவில்லை. 1980களின் நடுவில் ஏறத்தாழ 70,000 ஆக இருந்த உலகின் அணுகுண்டுகள் இன்று ஏறத்தாழ 12,000 ஆகக் குறைந்திருப்பது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் வாஷிங்டனும் மாஸ்கோவும் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் நிகழ்ந்தது. அவற்றில் எஞ்சியிருந்த நியூ ஸ்டார்ட்டின் காலமும் 2026 பிப்ரவரியோடு முடிந்தது. இந்த ஏற்பாடு பாரபட்சமானது என்று இந்தியா தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்ததில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்திலிருந்து, கண்காணிப்பே வீண் என்ற முடிவுக்கு நீங்கள் போவதைத்தான் நான் மறுக்கிறேன்.

ஒரு குண்டாவது குறைந்ததா என்று கேட்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவில் 6 குறைந்தன. அங்கிருந்த நிறவெறி அரசு, பிரிட்டோரியாவுக்கு மேற்கே பெலிண்டாபா அணுசக்தி மையத்தை ஒட்டிய வலிண்டாபாவில் யுரேனியத்தைச் செறிவூட்டி, அதாவது அதில் குண்டுக்கு உதவும் பகுதியின் விகிதத்தைக் கூட்டி, 6 அணுகுண்டுகளைச் செய்து முடித்திருந்தது. 7ஆவது பாதியில் நின்றது. கலகாரிப் பாலைவனத்தில் சோதனைக்கென ஆழ்குழிகள் தோண்டப்பட்டிருந்ததை 1977இல் சோவியத் செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்தது. 1989இல் அதிபரான டி கிளர்க் குண்டுகளைப் பிரித்தெடுக்க உத்தரவிட்டார். அங்கோலாவிலிருந்து கியூபப் படைகள் வெளியேறிக்கொண்டிருந்தன, நமீபியா விடுதலை பெறவிருந்தது, பனிப்போரும் முடிவை நெருங்கியிருந்தது. வரப்போகும் கறுப்பினப் பெரும்பான்மை அரசின் கைக்கு அந்தக் குண்டுகள் போய்விடக் கூடாது என்ற எண்ணமும் உள்ளே இருந்தது என்றே நான் கருதுகிறேன். ஆகவே இதை ஒரு மனமாற்றக் கதையாக உங்களுக்குச் சொல்லவில்லை. 1991 ஜூலையில் அந்நாடு ஒப்பந்தத்தில் சேர்ந்தபோதுகூட, குண்டு செய்ததைப் பற்றி வாய் திறக்கவில்லை. 1993 மார்ச் 24 அன்றுதான் நாடாளுமன்றத்தில் டி கிளர்க் அதை ஒப்புக்கொண்டார். அதற்குள் ஆயுதத் திட்டத்தின் ஆவணங்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுவிட்டது.

அதுவரை மறைத்துவந்த ஓர் அரசு, ஆறுதான் செய்தோம், ஆறையும் பிரித்துவிட்டோம் என்று சொன்னால் எப்படி நம்புவது? வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் அந்தச் சொல்லை நம்பி இருந்துவிடவில்லை, கணக்குப் பார்த்தார்கள். இயற்கை யுரேனியத்தில் குண்டுக்கு உதவும் யுரேனியம்-235 வெறும் 0.7 விழுக்காடுதான். செறிவூட்டும் ஆலைக்குள் போன 235 முழுவதும் ஒன்று விளைபொருளில் இருக்க வேண்டும், இல்லையேல் ஒதுக்கிவைத்த கழிவு யுரேனியத்திலோ ஆலையின் குழாய்களிலோ இருக்க வேண்டும். நெல் அரவை ஆலைக்குள் போன மூட்டைகளோடு வெளியே வந்த அரிசியும் தவிடும் உமியும் ஒத்துப்போக வேண்டும் என்பதைப் போன்றதுதான் இது. தொடக்கத்தில் கணக்கு இடித்தது; அறிவிக்கப்பட்ட இருப்புக்கும் ஆலையின் வரவுக்கும் இடையே ஒரு பற்றாக்குறை தெரிந்தது. குண்டுகளின் ஆவணங்கள் போய்விட்டாலும் ஆலையின் அன்றாட இயக்கக் குறிப்பேடுகள் பிழைத்திருந்தன. ஆய்வாளர்கள் அந்த ஆலை இயங்கிய ஆண்டுகளின் குறிப்பேடுகளைப் புரட்டி, அங்கே வேலை பார்த்தவர்களை விசாரித்து, கழிவு யுரேனியத்தை மறுபடி மதிப்பிட்டு, ஆலை உற்பத்தி செய்திருக்கக்கூடிய அளவும் அறிவிக்கப்பட்ட அளவும் பொருந்துகின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். கலகாரியின் குழிகள் அவர்கள் முன்னிலையிலேயே மூடப்பட்டன. சொந்தமாக அணுகுண்டு செய்து, பின்னர் அதை முழுவதுமாகக் கைவிட்ட ஒரே நாடு தென்னாப்பிரிக்கா. அந்தக் கைவிடல் உலகத்தால் நம்பப்பட்டதற்குக் காரணம் இந்தக் கணக்கு வேலைதான்.

ஒளித்துவைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்ற உங்கள் ஐயத்துக்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. ஈராக்கில் ஆய்வாளர்கள் ஏமாந்துதான் போனார்கள். அவர்கள் முறைப்படி போய்வந்துகொண்டிருந்த துவைதா வளாகத்திலேயே, அவர்களுக்குத் திறக்கப்படாத கட்டடங்களில் ரகசியத் திட்டம் நடந்துகொண்டிருந்தது என்பது 1991 போருக்குப் பிறகுதான் வெளிவந்தது. ஒரு நாடு தானாகக் காட்டுவதை மட்டும் பார்க்கும் அதிகாரம் போதாது என்று அந்தத் தோல்வி கற்றுக்கொடுத்தது. அதன் விளைவாக 1997இல் உருவான கூடுதல் நெறிமுறை, அதை ஏற்ற நாடுகளில் அறிவிக்கப்படாத இடங்களுக்கும் போய்ப் பார்க்கும் வழியைத் திறந்தது. இன்று ஆய்வாளரின் பையில் இருக்கும் மிக வலிமையான கருவி ஒரு சிறு பருத்தித் துணி. சுவரிலும் குழாயிலும் அதைத் தேய்த்தெடுத்து, வியன்னாவுக்கு அருகே சைபர்ஸ்டோர்ஃபில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடும். குண்டு செய்ய உதவும் இன்னொரு பொருளான புளூட்டோனியத்தை ஒரே ஒரு முறைதான் பிரித்தோம் என்று 1992இல் சொன்ன வடகொரியாவின் கணக்கு, யோங்பியோனில் எடுத்த மாதிரிகளைச் சோதித்தபோது பொய்த்தது. பிரித்தெடுத்தல் பல முறை நடந்திருந்தது தெரியவந்தது. அதன் பிறகும் வடகொரியா குண்டு செய்வதை உலகம் தடுக்கவில்லை, அது 2003இல் ஒப்பந்தத்தை விட்டும் விலகியது. ஆனால் அந்தத் தோல்வி அரசுகளுடையது. ஆய்வாளர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டிருந்தார்கள்.

உக்ரைனைப் பற்றி ஒரு திருத்தம். அங்கே சோவியத் ஒன்றியம் விட்டுச்சென்ற ஏறத்தாழ 1,900 நெடுந்தொலைவு அணுகுண்டுகளை ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவின் கையில் இருந்தது. ஆனாலும் 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாகக் கையெழுத்திட்ட ரஷ்யாவே படையெடுத்தது என்பது இந்த ஏற்பாடு முழுவதற்கும் விழுந்த பெரிய காயம். அதில் உங்களோடு நான் வாதிட மாட்டேன். லிபியாவின் நிலை வேறு. 2003 டிசம்பரில் அது விட்டுக்கொடுத்தது குண்டுகளை அல்ல, கள்ளச்சந்தையில் வாங்கிக் குவித்த செறிவூட்டும் கருவிகளை.

1975க்குள் 15 அல்லது 20 நாடுகளிடம் அணுகுண்டு இருக்கக்கூடும் என்று 1963இல் கென்னடி அஞ்சினார். இன்று 9 நாடுகளிடம் இருக்கிறது. இதற்கு ஒப்பந்தம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்து நாடு என்ன செய்கிறது என்பது தெரியாத அச்சத்தில்தான் ஒவ்வொரு நாடும் குண்டை நோக்கி நகர்கிறது. அந்தத் தெரியாமையைக் குறைப்பவர்கள் நீங்கள் சொல்லும் அந்தப் பத்துப் பேர். ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கும் இந்தியாவிலும் கூடங்குளம் உலைகள் அவர்களுடைய கண்காணிப்புக்கு உட்பட்டவை என்பதை நம் வாசகர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

அவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஈரானில் பாருங்கள். அமெரிக்கா உள்ளிட்ட வல்லரசுகளோடு செய்துகொண்ட 2015 உடன்பாட்டின்படி அந்நாடு 3.67 விழுக்காடு வரை செறிவூட்டிய யுரேனியத்தை 300 கிலோவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அந்த வரம்புகளை அது மதித்து நடந்ததை முகமை மறுபடி மறுபடி சரிபார்த்துச் சொன்னது. 2018இல் அமெரிக்கா உடன்பாட்டைக் கைவிட்டது. அடுத்த ஆண்டிலிருந்து ஈரானும் வரம்புகளை மீறத் தொடங்கியது. 2022இல் முகமையின் கேமராக்கள் அகற்றப்பட்டன. 2025 ஜூனில் ஈரான் மீது இஸ்ரேலின் குண்டுவீச்சு தொடங்கியபோது, 60 விழுக்காடு செறிவூட்டிய யுரேனியம் 400 கிலோவுக்கும் மேல் அங்கே சேர்ந்திருந்தது. குண்டுவீச்சுக்குப் பின் முகமையால் அந்த இருப்பைச் சரிபார்க்கவே முடியாமல் போயிற்று.

இன்னொன்றையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அந்த 6 குண்டுகளிலிருந்து எடுத்து உருக்கிய யுரேனியத்தில் ஒரு பகுதி இன்னமும் பெலிண்டாபாவில்தான் இருக்கிறது. அதை ஒப்படைக்கும்படி அமெரிக்கா கேட்டும் தென்னாப்பிரிக்கா மறுத்துவிட்டது. ஆயிரக்கணக்கில் குண்டுகளை வைத்திருப்பவர்கள் தன்னிடம் மட்டும் கேட்பதை அதனால் ஏற்க முடியவில்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் அதே கோபம்தான் அது. ஆனாலும் ஆய்வாளர்கள் போனால் தென்னாப்பிரிக்கா அந்தக் கிடங்கைத் திறந்துவிடுகிறது. அவர்கள் இருப்பை அளந்து, மறுபடி முத்திரையிட்டுத் திரும்புகிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்