ஹெல்மெட் கமராவும் அதில் பதிந்த உங்கள் குரலும்

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. ஊர் களுவாஞ்சிகுடி. கட்டாரில் இருக்கும் மச்சான் ஹெல்மெட்டில் பூட்டுகிற ஹெட்செட் ஒன்று கொண்டுவந்து தந்தார். அதிலேயே கமராவும் இருக்கிறது. போன மாதம் ஒரு பின்னேரம் மட்டக்களப்பில் வேலை முடிந்து நானும் கூட்டாளியும் இரண்டு மோட்டார் சைக்கிள்களில், ஹெட்செட்டில் கதைத்தபடி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். செட்டிபாளையத்தில் உள்வீதியிலிருந்து ஒரு பட்டா வாகனம் (சிறு லொறி) நிற்காமல் பிரதான வீதிக்கு ஏறியது. மோதி விழுந்து எனக்கு வலது கை முறிந்துவிட்டது. எல்லாம் கமராவில் பதிவாகியிருக்கிறது. ஆனால் மோதுவதற்குச் சற்று முன் கூட்டாளி "எவ்வளவில போறாய்?" என்று கேட்பதும், நான் "எழுபதில" என்று சொல்வதும் அதில் கேட்கிறது. நான் போன் கதைத்துக்கொண்டு வந்ததாகப் பட்டா சாரதி பொலிஸில் சொல்லியிருக்கிறார். பொலிஸார் மெமரி காட்டைக் கேட்கிறார்கள். இதற்கிடையில் கூட்டாளி அந்த வீடியோவை "வெறியில் வந்து அடித்தவன்" என்று எழுதிப் பேஸ்புக்கில் போட்டுவிட்டான், நானும் பகிர்ந்தேன். வாகன உரிமையாளர் மானநட்ட வழக்குப் போடுவேன் என்கிறார். சத்தத்தை எடுத்துவிட்டு வீடியோவை மட்டும் பொலிஸில் கொடுக்கலாமா? ஹெட்செட் பூட்டியதே குற்றமா?

பதில்: தம்பி, இதை வாசித்து முடித்ததும் முதல் வேலையாக அந்த மெமரி காட்டை ஹெட்செட்டிலிருந்து கழற்றுங்கள். இந்த வகைக் கமராக்களில் சுழற்சிப் பதிவு என்றொரு வசதி உண்டு. காட் நிறைந்ததும் பழைய காட்சியின் மேலேயே புதியதைப் பதிந்துகொண்டு போகும். கை சுகமாகாவிட்டாலும் தம்பியோ அண்ணனோ அந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வந்தால், உங்கள் வழக்கின் மிகப் பெரிய சாட்சி தானாகவே அழிந்துபோகலாம். கழற்றிய காட்டை ஒரு கடித உறையில் இட்டு ஒட்டி, திகதி எழுதி, கையொப்பமிட்டு வையுங்கள். பார்க்க வேண்டுமானால் பிரதியில் பாருங்கள்.

சரி, சத்தத்துக்கு வருவோம். வெட்டக் கூடாது. ஒரு விநாடியும் வெட்டக் கூடாது.

ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு ஆகியவற்றை நீதிமன்றம் ஏற்பது 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சியம் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ். சம்பவம் நடக்கும்போதே பதிவானதாக இருக்க வேண்டும், கருவி சரியாக இயங்கியிருக்க வேண்டும், பதிவு மாற்றப்படாமலும் திருத்தப்படாமலும் இருக்க வேண்டும் அல்லது அப்படி மாற்ற இடமில்லாதபடி பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சட்டம் கேட்பது சுருக்கமாக இவ்வளவுதான். சத்தம் இல்லாத வீடியோவோடு நீங்கள் போய் நின்றால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்கும் முதல் கேள்வி "சத்தம் எங்கே?" என்பதாகத்தான் இருக்கும். சேனா போன்ற நிறுவனங்களின் கமரா ஹெட்செட்டுகள், பேசுபவரின் குரலையும் இணைப்பில் வரும் மற்றவரின் குரலையும் காட்சியோடு சேர்த்தே பதியக்கூடியவை. விளம்பரத்தில் அதைப் பெரிய வசதியாகத்தான் சொல்கிறார்கள். ஆகவே சத்தம் இருந்திருக்கும் என்று காட்டுவது அவர்களுக்குக் கஷ்டமான காரியம் அல்ல. அதற்குப் பிறகு, பட்டா நிற்காமல் ஏறியதைக் காட்டும் நல்ல பகுதியையும் யாரும் நம்ப மாட்டார்கள். போதாததற்கு, குற்றம் ஒன்றின் சான்றை மறைப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 198ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றமாகவும் மாறலாம். எழுபதில் போனதற்கு ஒரு தண்டப்பணம் என்றால், அதை மறைக்கப் போய் நீங்கள் இழுத்துக்கொள்ளும் தொல்லை அதைவிடப் பெரியது.

உங்கள் வாயால் வந்த "எழுபதில" என்ற சொல் உங்களுக்கு எதிராகப் பாவிக்கப்படுமா? பாவிக்கப்படலாம். அது உங்கள் ஏற்புரை, அதாவது நீங்களே ஒத்துக்கொண்ட கூற்று. குடியிருப்புப் பகுதியில் மோட்டார் சைக்கிளுக்கு மணிக்கு 50 கிலோமீற்றர்தான் எல்லை, செட்டிபாளையத்தில் வீதியின் இரு பக்கமும் வீடுகள். ஆனால் இதைக் கேட்டுப் பயந்துபோய் உரிமையையே விட்டுவிட வேண்டாம். சிறிது பிழை நம்மிடமும் இருந்தால் நட்டஈடே கிடைக்காது என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். பங்களிப்புக் கவனயீனம் பற்றிய 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு நிலைமை அப்படி இல்லை. யாருடைய பிழை எவ்வளவு என்று நீதிமன்றம் அளந்து, உங்கள் பங்குக்கு ஏற்ற அளவை மட்டும் நட்டஈட்டிலிருந்து கழிக்கும். உள்வீதியிலிருந்து பிரதான வீதிக்கு நிற்காமல் ஏறியவரின் பிழையும் வேகமாக வந்தவரின் பிழையும் ஒரே எடை இல்லை என்று வாதாட நிறைய இடமுண்டு. நீங்கள் சொன்ன எழுபது ஒரு பேச்சுவாக்கில் சொன்ன கணக்கு என்பதையும் கவனியுங்கள். மோதும் நேரத்தில் வேகம் என்ன என்பதைக் காட்சியிலிருந்து, வீதியோரத் தூண்களுக்கு இடையிலான தூரத்தையும் நேரத்தையும் வைத்துக் கணிக்க முடியும். அந்தக் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவும் வரலாம், பாதகமாகவும் வரலாம். எப்படி வந்தாலும் முழுப் பதிவு இருந்தால்தான் அதைச் செய்ய முடியும்.

போன் குற்றச்சாட்டுக்கு இதே சத்தம்தான் உங்கள் மறுமொழி. ஹெல்மெட்டிலிருந்து ஹெல்மெட்டுக்குப் போகும் இணைப்பு புளூடூத் அலைவரிசையில், இரண்டு கருவிகளுக்கு இடையில் நேரே நடப்பது. கைத்தொலைபேசி வலையமைப்புக்கு அதில் வேலையே இல்லை. அந்த நேரத்தில் அழைப்பு எதுவும் எடுக்கப்படவில்லை என்பதைத் தொலைபேசி நிறுவனத்தின் அழைப்புப் பட்டியலை நீதிமன்றம் மூலம் வரவழைத்துக் காட்டலாம். கூட்டாளி பேசிய வார்த்தைகளும் நீங்கள் பேசிய வார்த்தைகளும் பதிவில் இருப்பதால், யாரோடு கதைத்தீர்கள் என்பதில் சந்தேகத்துக்கும் இடமில்லை. சத்தத்தை எடுத்திருந்தால் இந்தச் சாட்சியையும் சேர்த்தே எறிந்திருப்பீர்கள். ஒன்று மட்டும்: போன் இல்லை என்று நிரூபித்தாலும், "கதைத்துக்கொண்டு வந்ததால் கவனம் சிதறியது" என்று வாதிடுவதை யாராலும் தடுக்க முடியாது. காட்சியில் நீங்கள் பிரேக் பிடித்த கணம் எது என்பது அங்கேதான் முக்கியமாகும்.

பொலிஸார் காட்டைக் கேட்டால் கொடுங்கள். புலன்விசாரணைக்கு வேண்டிய பொருளைப் பொறுப்பேற்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நம் பக்கத்தில் பலர் தயங்குவதற்குக் காரணம் வேறு. அதே காட்டில் வீட்டு விசேஷம், கடற்கரை, போன வழியிலுள்ள இராணுவ முகாம் வாசல் என்று எல்லாம் கிடக்கும். தடைசெய்யப்பட்ட இடங்களைப் படம் பிடிப்பது பற்றி 1955ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க அரச இரகசியங்கள் சட்டம் கண்டிப்பாகப் பேசுகிறது என்பதும் உண்மைதான். அதற்காக இப்போது உட்கார்ந்து தெரிந்தெடுத்து அழிக்கத் தொடங்காதீர்கள். "அழித்தவர்தானே" என்ற பழி விபத்துக் காட்சிக்கும் வந்து ஒட்டிக்கொள்ளும். கொடுக்கும் முன் கணினி தெரிந்த ஒருவரிடம் முழுக் காட்டுக்கும் அச்சொட்டான பிரதி எடுத்து, மூலத்துக்கும் பிரதிக்கும் ஹேஷ் இலக்கம் (உள்ளடக்கத்தை வைத்துக் கணினி கணிக்கும் அடையாள இலக்கம்) கணித்து எழுதிவையுங்கள். ஒரு புள்ளி மாறினாலும் அந்த இலக்கம் மாறிவிடும் என்பதால், பின்னால் யாராவது "மாற்றிவிட்டார்கள்" என்றால் பதில் கையில் இருக்கும்.

கொடுக்கும்போது உங்கள் கண் முன்னால் உறையிலிட்டு முத்திரை வைக்கச் சொல்லுங்கள். காட்டின் வகை, கொள்ளளவு, அதில் அச்சிட்டிருக்கும் இலக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்ட பற்றுச்சீட்டும் வாங்குங்கள். ஹெட்செட்டையும் கேட்கக்கூடும். கருவி சரியாக இயங்கியது என்று காட்ட அதுவும் தேவைப்படலாம், ஆகவே அதற்கும் தனிச் சீட்டு. வழக்கு முடிந்ததும் நீதவானிடம் விண்ணப்பித்து இரண்டையும் திரும்பப் பெறலாம். வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். வடக்கு கிழக்கில் தமிழே நிருவாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதன் கீழ் கையொப்பம் வேண்டவே வேண்டாம். பொலிஸ் அதிகாரி கோபிப்பார் என்று நினைக்காதீர்கள். கேட்கும் விதத்தில் கேட்டால் பெரும்பாலும் ஒழுங்கு செய்து தருவார்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. இப்படியான விபத்துகளில் சில வேளை இரு தரப்பு மீதும் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு வரும். "குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டிவிட்டுப் போனால் இன்றோடு முடிந்தது" என்று அங்கே யாராவது காதில் சொல்வார்கள். வாசலில் நிற்கும் கூட்டத்துக்கு இந்த அறிவுரை இலவசம். உங்களுக்கு அது இலவசமாக இருக்காது. குற்றத்தை ஏற்றுக்கொண்ட பதிவை நாளை நட்டஈட்டு வழக்கில் பட்டாவின் காப்புறுதி நிறுவனம் தூக்கிக் காட்டும். உங்கள் சட்டத்தரணியோடு பேசாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இனி பேஸ்புக். உண்மையில் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த பகுதி இதுதான். பட்டா சாரதி மது அருந்தியிருந்தார் என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? பொலிஸ் பரிசோதனை அறிக்கை இல்லை, வைத்தியரின் குறிப்பு இல்லை. கமராவுக்கு மணம் தெரியாது. குற்றவியல் அவதூறு 2002இல் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதால் அதற்காகச் சிறை என்ற பயம் வேண்டாம். ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் மானநட்ட வழக்குப் போட அவருக்கு உரிமை இருக்கிறது, எழுதிய கூட்டாளியோடு பகிர்ந்த நீங்களும் பிரதிவாதி ஆகலாம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பொய்க் கூற்றுகளையும், ஒருவரின் தனிப்பட்ட தகவலை வெளியிட்டுத் தொல்லைப்படுத்துவதையும் தொடுகிறது. அந்தச் சட்டத்தின் மேல் எனக்குப் பல மனக்குறைகள் உண்டு. இருந்தாலும் இன்று அது சட்டம்.

பொது வீதியில் கண்ணுக்குத் தெரிவதைப் படம் பிடித்தது பிரச்சினை இல்லை. உங்கள் சொந்தத் தேவைக்காக வைத்திருக்கும் பதிவில் 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தலையிடாது, தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்கான பாவனையை அது விலக்கி வைத்திருக்கிறது. சாரதியின் முகம், வாகன இலக்கம் எல்லாவற்றையும் ஊருக்கு விரித்துவிட்டு "வீட்டுத் தேவை" என்று சொல்லத்தான் முடியாது. ஆகவே பேஸ்புக் பதிவையும் பகிர்வையும் இன்றே எடுக்கச் செய்யுங்கள். எடுக்கும் முன் எழுதியது, நேரம், கருத்துகள் தெரியும்படி திரைப்பிரதி எடுத்து வையுங்கள், அவர்கள் இல்லாததைச் சொன்னால் மறுக்க உதவும். "வெறியில்" என்ற வார்த்தைக்கு ஆதாரமில்லை என்று கூட்டாளி ஒரு சிறு திருத்தம் போடுவது நல்லது. உரிமையாளரின் சட்டத்தரணியிடமிருந்து கோரிக்கைக் கடிதம் வந்தால் அலுமாரியில் வைத்துவிடாமல், குறித்த நாளுக்குள் சட்டத்தரணி மூலம் பதில் அனுப்புங்கள்.

ஹெட்செட் பூட்டியது குற்றமா என்றால், இல்லை. கைத்தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும் இதுவும் ஒன்றல்ல. ஹெல்மெட்டில் துளை போட்டுப் பூட்டினீர்களா, கவ்வி வைத்துப் பூட்டினீர்களா என்பதைப் பாருங்கள். துளை போட்டிருந்தால் தலைக்கவசத்தின் தரத்தைக் கெடுத்ததாக ஒரு கேள்வி எழலாம். மச்சான் சொந்தப் பாவனைக்குக் கொண்டுவந்த ஒன்று பற்றி வீதியில் நிற்கும் பொலிஸாருக்குக் கேட்க ஒன்றுமில்லை. நாலைந்து கொண்டுவந்து விற்கத் தொடங்கினால் மட்டும் சுங்கமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் கேட்கும்.

நட்டஈட்டு வழக்குக்கு விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் அவகாசம். பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இந்தத் தவணையைக் கடத்தியவர்கள் நம் மாவட்டத்தில் குறைவில்லை. பட்டாவின் மூன்றாந்தரப்புக் காப்புறுதிப் பத்திர இலக்கத்தைப் பொலிஸ் அறிக்கையிலிருந்து எடுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமிருந்து பணம் பெற வேண்டுமானால், வழக்குத் தொடுப்பதற்கு முன்போ தொடுத்து ஏழு நாட்களுக்குள்ளோ அந்த நிறுவனத்துக்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 106ஆம் பிரிவு சொல்கிறது. கமராப் பதிவைச் சான்றாக முன்வைக்கப் போவதாக, வழக்கு விசாரணைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 45 நாட்கள் முன்னதாக, எதிர்த்தரப்புக்கு அறிவித்து நீதிமன்றத்தில் பட்டியல் கொடுக்க வேண்டும். அவர்கள் 15 நாட்களுக்குள் பார்வையிடக் கேட்கலாம். 45 நாட்களைத் தவறவிட்டால் நல்ல பதிவும் கட்டுக்குள்ளேயே கிடந்துவிடும். வைத்தியசாலை அறிக்கை, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, சம்பளம் இழந்ததற்கு வேலைத்தலக் கடிதம் எல்லாவற்றையும் இப்போதே சேருங்கள். சட்டத்தரணிக் கட்டணம் தாங்காது என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தில் வருமான விபரத்தோடு விண்ணப்பிக்கலாம். போகும்போது காட்டின் பிரதியையும் பற்றுச்சீட்டையும் கொண்டுபோங்கள்.