கொடைக்கானல், நீலகிரி மலைப் பாறைகள் எப்போது உருமாறின, எப்போது மடிந்தன என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

மேடு உயர்ந்த காலம் வேறு, பாறை உருமாறிய காலம் வேறு. இங்கே சொல்வது இரண்டாவதைப் பற்றி. நீலகிரிப் பாறைகள் ஆழத்தில் வெந்து உருமாறியது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன். பாலக்காடு–காவேரி ஷியர் மண்டலத்துக்கு (பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பட்டை) தெற்கே, கொடைக்கானல் உள்ளிட்ட மதுரைப் பகுதியில், கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்து (ஏறக்குறைய 55 கோடி ஆண்டு) உருமாற்றம் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது.

இதற்கு முதல் சாட்சி சிர்கான்: யுரேனியம் ஈயமாகச் சிதைந்த அளவைக் கொண்டு வயது கணக்கிட உதவும் கனிமம். வானிலையால் சிதையாத பாறை 5 கிலோ எடுத்து, இடித்து, 250 மைக்ரானுக்குக் கீழே சலித்து, காந்தத்தாலும் அடர்திரவத்தாலும் சிர்கானைப் பிரிப்பார்கள். இடிப்பானில் முந்தைய மாதிரியின் தூசி ஒட்டியிருந்தால் வேறு பாறையின் வயது உள்ளே வந்துவிடும். மணிகளை எபாக்சிப் பிசினில் பதித்து, பாதி தேயும்வரை மெருகிட்டு, எலக்ட்ரான் கற்றை பட்டு மணி ஒளிர்வதைக் காட்டும் கேதோடு ஒளிர்வுப் படம் எடுக்க வேண்டும். நடுக்கரு மூலப்பாறையின் வயதைச் சொல்லும். விளிம்பு உருமாற்றத்தின்போது வளர்ந்தது. வயதை அளக்க மணியில் பாய்ச்சும் லேசர் புள்ளி 20–30 மைக்ரான் அகலம். விளிம்பு அதைவிட மெலிந்திருந்தால் இரண்டும் கலந்து, எந்த நிகழ்வுக்கும் சொந்தமில்லாத எண் கிடைக்கும். இன்னொரு சிக்கல்: கொடைக்கானல் அடிவாரத்துக் கெங்குவார்பட்டிப் பாறைகளைப் போல 900 டிகிரியைத் தாண்டியவற்றில், சூடேறும்போது சிர்கான் உருகுகுழம்பில் கரைந்து, ஆறும்போதுதான் திரும்ப வளரும். அப்போது விளிம்பு காட்டுவது உச்ச வெப்பத்தை அல்ல, உருகல் உறைந்த நேரத்தை.

அதனால்தான் மோனசைட் (அதே முறையில் வயது சொல்லும் பாஸ்பேட் கனிமம்) எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. கார்னெட் என்ற கனிமம் வளரும்போது இட்ரியம் என்ற தனிமத்தை இழுத்துக்கொள்ளும்; அந்நேரம் வளரும் மோனசைட்டில் இட்ரியம் குறைவு. கார்னெட் சிதையும்போது இட்ரியம் வெளிவந்து மோனசைட்டின் விளிம்பில் ஏறும். ஒரே மணியில் இட்ரியம் வரைபடம் எடுத்து, இரு பகுதிகளையும் தனித்தனியே அளந்தால், அழுத்தம் கூடிய கட்டமும் பாறை மேலேறிய கட்டமும் பிரிந்து தெரியும். இதை இடிக்காத பாறையின் மெல்லிய சீவலிலேயே செய்ய வேண்டும். இடித்துவிட்டால் மோனசைட் கார்னெட்டுக்குள் இருந்ததா வெளியே இருந்ததா என்ற செய்தியே போய்விடும். கார்னெட்டுக்குள் இருந்தாலும் விரிசலைத் தொடும் மணியை ஒதுக்குங்கள்; அதன் வழியே திரவம் புகுந்து வயதை மாற்றியிருக்கலாம்.

மடிப்புக்கு நேரடிக் கடிகாரம் அரிது. நைஸோடு (பட்டை பட்டையான உருமாறிய பாறை) சேர்ந்து மடிந்த பெக்மடைட் (பெரிய படிகங்கள் கொண்ட தீப்பாறை நரம்பு) ஒன்று, மடிப்பைக் குறுக்கே வெட்டி நேராக ஓடும் பெக்மடைட் ஒன்று: இரண்டையும் அளந்தால் மடிப்பு முடிந்த காலம் இடையில் சிக்கும். பெக்மடைட்டில் பக்கப் பாறையின் பழைய சிர்கான் கலந்திருக்கலாம், கவனம்.

பயோடைட் என்ற கருப்பு மைக்காவில் ஆர்கான் முறையில் (பொட்டாசியம் சிதைந்து உண்டான ஆர்கானை அளப்பது) வரும் எண்ணை உருமாற்ற வயது என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. அது பாறை சுமார் 300 டிகிரிக்குக் கீழே ஆறிய காலம். உச்ச வெப்பத்துக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிந்தியதாகவும் இருக்கலாம்.